வெளிச்சத்தைக் கீழே இறக்கு, தங்கச்சி

பல்பு வாங்கக் கடைக்குப் போகிறாயா? எத்தனை வாட்ஸ், எத்தனை வருஷம் வாரன்டி என்று கேட்பதோடு நிறுத்தாதே. பெட்டியைத் திருப்பிப் பார். 2700, 3000, 4000, 6500 என்று ஏதாவது ஓர் எண், கெல்வின் கணக்கில் அச்சடித்திருக்கும். அது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிற எண். 2700 என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள். 6500 என்றால் கண்ணைப் பறிக்கும் வெள்ளை. நீலம் தூக்கலாகக் கலந்தது. ஒன்றும் சொல்லாமல் "ஒரு எல்.இ.டி பல்பு கொடுங்க" என்று கேட்டால் நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் 6500-ஐத்தான் எடுத்து நீட்டுவார்கள். "வார்ம் ஒயிட் வேணும், 2700 இருந்தா நல்லது, இல்லேன்னா 3000" என்று கேட்டு வாங்கு. விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது.

நிறத்தில் என்ன இருக்கிறது என்று நினைக்காதே. நம் விழித்திரையில் பார்ப்பதற்கான செல்கள் தவிர வேறொரு வகை செல்களும் உண்டு. அவற்றுக்கு உருவம் முக்கியமில்லை. நீல வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் முக்கியம். இருந்தால் "இன்னும் பகல்தான்" என்று மூளைக்குச் சொல்லிவிடும். மூளை உடனே மெலடோனின் சுரப்பைக் குறைத்துவிடும். இருட்டிய பிறகு சுரந்து, உடம்பைத் தூக்கத்துக்குத் தயார் செய்கிற ஹார்மோன் அது. உடம்புக்குள் ஓடும் இந்தக் கடிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்த மூன்று பேருக்குத்தான் 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆகவே ராத்திரி பத்து மணிக்குச் சமையல்கட்டில் பாத்திரம் தேய்க்கும்போது தலைக்கு மேல் 6500 எரிந்தால், படுத்த பிறகும் தூக்கம் வராமல் புரள்வதற்குக் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். குழந்தையின் கண்மணி பெரியது, லென்ஸ் பளிங்கு மாதிரித் தெளிவானது. பெரியவர்களைவிட அதிக வெளிச்சம் உள்ளே போகும். அமெரிக்காவில் 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளைப் படுக்கைக்கு முந்தைய ஒரு மணி நேரம் பளிச்சென்ற வெளிச்சத்தில் விளையாட விட்டார்கள். மெலடோனின் ஏறக்குறைய 88 சதவிகிதம் குறைந்தது. விளக்கை அணைத்த பிறகும் உடனே மீளவில்லை. ஆகவே எட்டு மணிக்கு மேல் ட்யூப்லைட்டை அணைத்துவிடு. மூலையில் ஒரு மஞ்சள் விளக்கு போதும். சாப்பாடு ஊட்டுவதும் கதை சொல்வதும் அந்த வெளிச்சத்திலேயே நடக்கட்டும். வீட்டுப்பாடம் இருந்தால் படிக்கிற மேஜையில் மட்டும் விளக்கு எரியட்டும், கூடம் முழுக்க வேண்டாம்.

படுக்கையறை ஜீரோ வாட்ஸ் பல்புக்கு வருகிறேன். நம் வீடுகளில் பலருக்கும் நீல நிறம்தான் பிடித்திருக்கிறது. குளிர்ச்சியாக இருக்கிறது என்பார்கள். அந்த ஒரு நிறம்தான் ராத்திரிக்கு ஆகாது. கழற்றிவிட்டுச் சிவப்போ ஆரஞ்சோ போடு. அதையும் கண்ணுக்கு நேரே சுவரின் உச்சியில் மாட்டாமல், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் உள்ள பிளக் பாயின்டில் சொருகு. மாமியாரோ அப்பாவோ நள்ளிரவில் எழுந்து பாத்ரூம் போகும்போது கால் வைக்கிற இடம் தெரிய வேண்டும், அதற்குத்தான் அந்த விளக்கு. ஆள் நடந்தால் மட்டும் எரிகிற சின்ன சென்சார் விளக்குகள் இப்போது கிடைக்கின்றன. பாத்ரூமுக்கு வெளியே ஒன்று, வழியில் ஒன்று என இரண்டு வாங்கிப் போடு. வயதானவர்கள் விழுந்துவிடக் கூடாது என்பதில் எந்தச் சமரசமும் வேண்டாம். ஆனால் அதற்கு அறை முழுக்க விடிய விடிய வெளிச்சம் தேவையில்லை.

விளக்கை எரியவிட்டே தூங்குகிற பழக்கம் உள்ளவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2022-ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 20 பேரை வைத்துப் பார்த்தார்கள். சிலரை ஒரே ஒரு இரவு 100 லக்ஸ் வெளிச்சத்தில், அதாவது அறையில் மிதமாக ஒரு விளக்கு எரிகிற அளவில், தூங்க வைத்தார்கள். தூக்கத்திலேயே அவர்களுடைய இதயம் வேகமாகத் துடித்தது. காலையில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை. வீட்டுக்கு ஒருவருக்குச் சர்க்கரை இருக்கிற காலம் இது. மாத்திரை, நடை, சாப்பாடு என்று எல்லாம் பார்க்கிறோம்; படுக்கையறை இருட்டையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொள். தெருவிளக்கு ஜன்னல் வழியே விழுந்தால் கனத்த துணியில் திரை தை. உள்பக்கம் கறுப்பு லைனிங் வைத்துத் தைத்தால் போதும். நைட் டியூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிற நர்ஸ் தங்கைகளுக்கு இந்தத் திரை அத்தியாவசியம். இரவுப் பணி புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-லேயே வகைப்படுத்திவிட்டது. வேலையை விட முடியாது. தூங்கும் நேரத்து இருட்டையாவது காப்பாற்றிக்கொள்ளலாம்.

இனி வாசலுக்கு வா. எலெக்ட்ரீஷியன் காம்பவுண்டு சுவரின் இரண்டு தூண்களிலும் உருண்டை விளக்கு மாட்டலாம் என்பார். அழகுதான். ஆனால் அந்த உருண்டையிலிருந்து கிளம்பும் வெளிச்சத்தில் பாதி வானத்துக்குப் போகிறது, மீதியில் கொஞ்சம் எதிர் வீட்டுப் படுக்கையறைக்குப் போகிறது, உன் கேட் பூட்டின் மேல் விழுவது மிச்சம். மழையில் குடையைத் தலைகீழாகப் பிடித்த கதை இது. மேல்பக்கம் மூடி உள்ள, கீழே மட்டும் வெளிச்சம் விழுகிற விளக்கு கேள். வெளிச்சம் கீழே இறங்கினால் பாதி வாட்ஸே போதும். மொட்டை மாடியில் நின்று பார்த்தால் பல்பின் முகம் உன் கண்ணில் படக் கூடாது, அவ்வளவுதான் சோதனை.

திருட்டுப் பயம் என்று சொல்லி, வீட்டு மூலையில் 50 வாட்ஸ் ஃபோகஸ் லைட்டை விடிய விடிய எரிய விடுகிறவர்கள் நிறைய. அந்த விளக்குக்கு எதிரே நின்று பார்த்திருக்கிறாயா? கண் கூசும். விளக்குக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. சுவரோரம் விழும் நிழல் முன்பைவிடக் கறுப்பாக இருக்கும். ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. அதே இடத்தில் சென்சார் வைத்த விளக்கைக் கீழ்நோக்கி மாட்டு. ஆள் வந்தால் எரியும். சட்டென்று எரியும்போதுதான் வீட்டில் இருப்பவர்களும் அக்கம்பக்கமும் திரும்பிப் பார்ப்பார்கள். கணக்கும் போட்டுப் பார். 50 வாட்ஸ் 12 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 0.6 யூனிட். இரண்டு மாத பில்லில் 36 யூனிட். சென்சார் வைத்து நாளுக்கு அரை மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு ஒன்றரை யூனிட்.

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் கவனிக்க. சுரை, புடலை இரண்டும் மாலை மங்கிய பிறகு பூ விரிக்கிற கொடிகள். வெள்ளைப் பூவும் இரவில் விரிவதும் அந்துப்பூச்சிகளுக்காகத்தான். அவைதான் மகரந்தம் சுமக்கின்றன. பந்தலுக்கு மேலேயே வெள்ளை விளக்கு எரிந்தால் பூச்சி பூவுக்கு வராது, பல்பைச் சுற்றிச் சுற்றியே ஓய்ந்துபோகும். சுவிட்சர்லாந்தில் இருட்டான புல்வெளிகளில் தற்காலிகமாக விளக்கு வைத்துப் பார்த்தபோது, இரவில் பூக்களுக்கு வந்த பூச்சிகளின் வருகை 62 சதவிகிதம் குறைந்ததாக 2017-ல் எழுதினார்கள். பூச்சி ஏன் விளக்கைச் சுற்றுகிறது என்பதற்கும் 2024-ல் ஒரு விளக்கம் வந்தது. இரவிலும் பூமியைவிட வானம்தான் வெளிச்சமாக இருக்கும்; அதனால் பூச்சி எப்போதும் முதுகை வெளிச்சத்தின் பக்கம் வைத்தே பறக்கும். பல்பைக் கண்டால் அதையே வானம் என்று எடுத்துக்கொண்டு முதுகைத் திருப்பும், பாதை வளையும், தப்பிக்க வழி தெரியாது. பாவம், அதற்கு ஆசையும் இல்லை, அறியாமையும் இல்லை. காய் பிடிக்கவில்லை என்று உரம் வாங்க ஓடுவதற்கு முன் மாடி விளக்கை ஒரு வாரம் அணைத்து வைத்துப் பார். பிறகும் பிடிக்கவில்லையா, மாலையில் பூ விரிந்ததும் கையால் மகரந்தம் தொட்டு வை.

மரத்தில் சீரியல் லைட் சுற்றுவதைப் பற்றி நான் சுருக்கமாகவே சொல்வேன்: வேண்டாம். கல்யாணம், திருவிழா என்றால் பந்தலில் கட்டு, வாசலில் கட்டு, முடிந்த அன்றே அவிழ்த்துவிடு. மரத்தில் பறவை தூங்குகிறது.

கடற்கரை ஓரம் வீடு உள்ளவர்களுக்குப் பொறுப்பு அதிகம். சென்னையிலிருந்து தெற்கே மணல் கரைகளில் ஜனவரி தொடங்கி மார்ச் வரை பங்குனி ஆமைகள் கரையேறி, ஒரு குழிக்கு நூறு முட்டைக்கு மேல் இட்டுவிட்டுப் போகும். ஒன்றரை மாதம் சென்று குஞ்சுகள் இரவில் மணலை விலக்கிக்கொண்டு வெளியே வரும். அவற்றுக்கு வழிகாட்ட ஆளில்லை. அடிவானத்தில் எந்தப் பக்கம் அதிக வெளிச்சமோ அந்தப் பக்கம் ஊரும். ஆதிகாலம் தொட்டு அது கடலின் பக்கமாகத்தான் இருந்தது. இப்போது சாலையும் வீடும் ஹோட்டலும் கடலைவிட வெளிச்சம். குஞ்சு ஊர்ப்பக்கம் ஊர்ந்துபோய் நாய்க்கும் வண்டிக்கும் வெயிலுக்கும் பலியாகிறது. மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவெல்லாம் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். அவர்கள் படுகிற பாட்டுக்கு நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஜனவரி முதல் மே வரை கடலைப் பார்த்த விளக்குகளை இரவு பத்து மணிக்கு மேல் அணை. பால்கனித் திரையை இழுத்து விடு. அணைக்கவே முடியாத விளக்குக்குக் கடல் பக்கம் தகரத் தட்டி வைத்து மறை. கரையில் நடக்கப் போனால் செல்போன் டார்ச்சை அடிக்காதே.

இத்தனையும் ஒரு வீட்டு விஷயமா என்று கேட்பாய். 2016-ல் வெளிவந்த உலக இரவுவான வரைபடம், மனிதர்களில் மூன்றில் ஒருவருக்குத் தாம் வாழும் இடத்திலிருந்து பால்வெளியே தெரிவதில்லை என்றது. 2023-ல் இன்னோர் ஆய்வு: உலகெங்கும் பொதுமக்கள் 2011 முதல் நட்சத்திரம் எண்ணி அனுப்பிய கணக்கின்படி, வானம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவிகிதம் வெளிறிக்கொண்டே போகிறது. 250 நட்சத்திரம் தெரிகிற ஊரில் பிறக்கும் குழந்தைக்கு 18 வயதாகும்போது 100தான் மிஞ்சும். நீல வெளிச்சம் காற்றில் அதிகம் சிதறும்; பகல் வானம் நீலமாக இருப்பதும் அதனால்தான். மஞ்சள் சோடியம் விளக்குகளைக் கழற்றிவிட்டு வெள்ளை எல்.இ.டி. மாட்டிய ஊர்களில் வானம் வெளிறுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் புகையும் பிளாஸ்டிக்கும் போல இந்த ஒளி மாசு தேங்கி நிற்காது. அணைத்த நொடியே போய்விடும். இந்த மாசுக்கு ஸ்விட்ச் உன் வீட்டுச் சுவரில் இருக்கிறது என்பதுதான் எனக்கு இருக்கிற பெரிய நம்பிக்கை.

லடாக்கில் ஹான்லே என்ற ஊரைச் சுற்றி 2022-ல் இருள்வானக் காப்பகம் அறிவித்தார்கள். அங்கே ஊர்க்காரர்களுக்கே, அதிலும் பெண்களுக்கு நிறைய, பயிற்சியும் தொலைநோக்கியும் கொடுத்து, வருகிறவர்களுக்கு வானம் காட்டும் வேலையைத் தந்திருக்கிறார்கள். இருட்டை வைத்துச் சம்பாத்தியம்! நமக்கும் ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கி நிறுவிய வைணு பாப்பு வானாய்வகம் அங்கேதான். காடும் இருட்டும் சூழ்ந்த மலை என்பதால் தேர்ந்தெடுத்த இடம். ஆலங்காயம், வாணியம்பாடி பக்கம் இருக்கிற தங்கைகள் விளக்கைக் கீழ்நோக்கித் திருப்பினால் அந்தத் தொலைநோக்கிக்கு நேரடி உதவி.

உன் ஊர் வானம் எப்படி இருக்கிறது என்று அளக்கக் கருவி வேண்டாம். தை மாதம், நிலா இல்லாத நாளில், இரவு எட்டு மணிக்குப் பிள்ளைகளோடு மாடிக்குப் போ. கால் மணி நேரம் செல்போனைப் பார்க்காமல் இருந்தால் கண் இருட்டுக்குப் பழகும். உச்சியில் கார்த்திகைக் கூட்டத்தைத் தேடு. ஆறும் தனித்தனியாகத் தெரிந்தால் நல்ல வானம். மூன்று நான்கு தெரிந்தால் சுமார். ஒரு கறை மாதிரி மட்டும் தெரிந்தாலோ, அதுவும் தெரியாவிட்டாலோ, வெளிச்சம் மிஞ்சிவிட்டது என்று பொருள். சித்திரை, வைகாசியில் வடக்கே வசிஷ்டருக்குப் பக்கத்தில் அருந்ததி தெரிகிறதா என்று பார்க்கலாம். தேதி போட்டு நோட்டில் குறித்து வை.

கடைசியாகத் தெருவிளக்கு. பெண்கள் வேலை முடிந்து நடந்து வருகிற தெருவில் விளக்கு இருக்கத்தான் வேண்டும். அதை எடுக்கச் சொல்லி யாரும் எழுதிவிடாதே. ஒரு கம்பத்தில் கண் கூசும் வெளிச்சமும் அடுத்த கம்பத்தில் கும்மிருட்டுமாக இருப்பதுதான் ஆபத்து. சீராக, மஞ்சளாக, தரையில் விழட்டும் என்று கேள். தெருவிளக்குக்குப் பொறுப்பு உள்ளாட்சி அமைப்பு. ஊராட்சியோ நகராட்சியோ மாநகராட்சியோ, அங்கேதான் மனு கொடுக்க வேண்டும், மின்வாரியத்தில் இல்லை. சென்னை என்றால் 1913-க்கு போன் செய்யலாம். மனுவில் கம்பத்தின் எண்ணை எழுது. படுக்கையறைக்குள் வெளிச்சம் விழுவதை உள்ளே இருந்து போட்டோ எடுத்து இணை. "விளக்கை அகற்றவும்" என்று எழுதாமல், "வீட்டுப் பக்கம் மறைப்பு பொருத்தவும், முகத்தைச் சாலைப் பக்கம் சாய்க்கவும்" என்று எழுது. லைன்மேன் ஒரு தடவை ஏறினால் முடிகிற வேலை. பக்கத்து வீடு, எதிர் வீட்டுக் கையெழுத்தையும் வாங்கிக்கொள். நகலில் சீல் போட்டுத் தரச் சொல்லிப் பத்திரப்படுத்து, பதினைந்து நாள் கழித்துப் போய்க் கேட்க அது வேண்டும்.