மந்தையும் மேய்ச்சல் நிலமும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மேய்ச்சல் நிலங்களுக்கும் அவற்றை நம்பி வாழும் குடிகளுக்கும் உரிய சர்வதேச ஆண்டாக 2026ஐ ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருக்கும் இவ்வேளையில், அம்மக்களின் பெயரால் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவந்த அபிவிருத்தித் திட்டங்களின் பலாபலன் யாது என்று விசாரிப்பது பொருத்தமே. மாசாய், துர்க்கானா, இல்சாமுஸ் முதலிய மேய்ச்சற்குடிகள் வாழும் கென்ய நாட்டின் வறண்ட பிரதேசங்கள் இத்தகைய திட்டங்களுக்கு நெடுங்காலமாகச் சோதனைக் களமாக இருந்து வந்திருக்கின்றன. அங்கே தோற்ற திட்டங்கள் பல, பணமில்லாமல் தோற்றவை அல்ல. எதை அளக்க வேண்டுமென்று தெரியாமல் தோற்றவை. அந்த அறியாமைக்கு அடிப்படையாய் அமைந்த நம்பிக்கைகள் நான்கினை இங்கே பரிசீலிப்போம்.

நம்பிக்கை 1: மந்தை பெருத்ததால்தான் நிலம் பாழாயிற்று; ஆடுமாடுகளைக் குறைத்தால் புல் தானே தழைக்கும்.

உண்மை: காலனி ஆட்சிக் காலத்திலேயே வேரூன்றிய கருத்து இது. 1938இல் கென்யாவின் காம்பா இன மக்களின் மாடுகளைக் கட்டாயமாகக் குறைக்க அரசாங்கம் முற்பட்டபோது, அவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு நைரோபிக்கே சென்று கவர்னரிடம் முறையிட நேர்ந்தது. இந்த நிலம் இத்தனை மாடுகளைத்தான் தாங்கும் என்று வரையறுப்பது, மழை ஏறக்குறைய ஒரே சீராகப் பெய்யும் தேசங்களுக்குப் பொருந்தலாம். ஆண்டுக்குச் சராசரியாக 200 மில்லிமீட்டர் அளவே மழை காணும், அதுவும் சில ஆண்டுகளில் அடியோடு பொய்த்துப்போகும் துர்க்கானாப் பகுதியில், புல்லின் அளவைத் தீர்மானிப்பது மாட்டின் வாயைவிட வானமே என்பதை 1988இல் எல்லிஸ், சுவிஃப்ட் என்னும் ஆய்வாளர் இருவர் எடுத்துக்காட்டினர். கிணறுகளையும் குடியிருப்புகளையும் சுற்றி மண் தேய்ந்துபோவது மெய்தான். ஆயினும் மந்தை நகராமல் ஓரிடத்தில் தங்க நேர்ந்ததே அதற்குப் பெரும் காரணம். வறட்சியில் பாதி மந்தை மடிந்த குடும்பம், எஞ்சிய பசுக்களையும் கிடாரிகளையும் கொண்டே மறுபடி தலையெடுக்க வேண்டியிருப்பதால், வீண் பெருமைக்கு வளர்ப்பதாக வெளியார் கருதும் அந்த எண்ணிக்கை, உண்மையில் அக்குடும்பத்தின் சேமிப்பாகும்.

நம்பிக்கை 2: பொது நிலத்துக்குக் கேட்பாரில்லை, எல்லை வகுத்து உரிமைப் பத்திரம் வழங்கினால் செழிக்கும்.

உண்மை: 1968இல் இயற்றப்பட்ட சட்டமொன்றின்படி, கஜியாடோ பகுதியில் மாசாய் மக்களின் மேய்ச்சல் நிலங்கள் கூட்டுப் பண்ணைகளாகப் பிரிக்கப்பட்டன; உலக வங்கியின் கடனுதவியும் அதற்குக் கிட்டியது. எத்தனை பண்ணைகள் பதிவாயின, உண்ணி போக்க மாடுகளை மருந்துநீரில் முழுக்கும் தொட்டிகள் எத்தனை கட்டப்பட்டன என்ற கணக்குகளெல்லாம் ஒழுங்காகவே எழுதப்பட்டன. ஆனால் மழை எல்லைக்கோட்டைப் பார்த்துப் பெய்வதில்லையாதலால், வறட்சி வந்ததும் மந்தைகள் எல்லை தாண்டிப் போயே தீரவேண்டியிருந்தது. பின்னர் அக்கூட்டு நிலங்கள் தனித்தனிப் பங்குகளாகச் சிதறி, விற்பனைக்கும் வேலிக்கும் உட்பட்டபோது, அப்படிப் போகும் வழியும் குறுகிற்று. பொது நிலத்திற்கும் காவலும் கட்டுப்பாடும் உண்டு என்பதை உலகின் பல பாகங்களிலிருந்து சான்றுகள் காட்டி நிறுவிய எலினோர் ஆஸ்ட்ரம் அம்மையாருக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம்பிக்கை 3: பச்சை படர்ந்தால் நிலம் மீண்டுவிட்டது.

உண்மை: நான்கினுள்ளும் மிகுந்த சேதம் விளைவித்தது இதுவே. 1980களின் தொடக்கத்தில், இல்சாமுஸ் மக்கள் வாழும் பாரிங்கோ ஏரியைச் சூழ்ந்த வெற்று நிலங்களில், ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்தின் துணையோடு விறகுக்கும் மண் காப்புக்குமாக நடப்பட்ட மரம் எதுவெனில், இராமநாதபுரம் சீமையில் நாம் அன்றாடம் பார்க்கும் அதே சீமைக் கருவேலந்தான். மரம் பிழைத்தது, பச்சையும் படர்ந்தது. அதன் நெற்றுகளைத் தின்ற ஆடுமாடுகள் சாணத்தோடு வித்துகளைப் பரப்ப, முட்புதர் மேய்ச்சலையும் நீர்க்கரையையும் ஒருங்கே மூடிக்கொண்டது. அதன் அடியில் புல் அருகிற்று. சர்க்கரை மிகுந்த நெற்றுகள் பல்லிடுக்கில் தங்கிப் பற்களைச் சிதைக்கவே, மேய இயலாத ஆடுகள் மெலிந்தன. கடைசியில் 2006இல், இல்சாமுஸ் மக்கள் அரசாங்கத்தின்மீது வழக்குத் தொடுத்து, பல்லிழந்த ஆடொன்றையே நைரோபி நீதிமன்றத்துக்குச் சாட்சியாகக் கொண்டுசென்றனர். நட்ட மரங்களை எண்ணும் மதிப்பீட்டாளருக்கும், வானத்திலிருந்து பசுமையை அளக்கும் செயற்கைக்கோளுக்கும் இத்திட்டம் வெற்றியாகவே தோன்றும். ஆட்டின் வாயைத் திறந்து பார்த்தவனுக்கே தோல்வி புலப்படும்.

அதே பாரிங்கோவில் 1982 முதல் வேறொரு முயற்சியும் நடந்து வந்திருக்கிறது. வெற்று நிலத்தை வேலியடைத்து, மழைநீர் தேங்க வரப்பிட்டு, கொங்கு நாட்டின் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் கொழுக்கட்டைப்புல் என வழங்கும் புல்லையும் பிறவற்றையும் விதைத்ததில், தரை மூடியதோடு, தீவனமும் கூரை வேய்வதற்கான புல்லும் விதையும் விற்பனைக்குக் கிடைத்தன. ஆயினும் வேலிக்குள் யாருடைய மாடு புகலாம், புகமுடியாத ஏழையின் மாடு எங்கே போயிற்று என்று கேட்காமல் இதனையும் வெற்றியென முடிவுகட்டுதல் தகாது.

நம்பிக்கை 4: திட்டம் முடிந்த ஆண்டில் எடுக்கும் கணக்கே அதன் பயனைக் காட்டும்.

உண்மை: மூன்றாண்டு, ஐந்தாண்டுத் திட்டம் நல்ல மழையில் முடிந்தால் எல்லாம் வெற்றி; வறட்சியில் முடிந்தால் எல்லாம் தோல்வி. ஆடிப்பெருக்கன்று காவிரியைப் பார்த்துவிட்டுக் கோடைப் பாசனத்துக்குக் கணக்கு எழுதுவதை ஒக்கும் இது. துர்க்கானா ஏரிக்கரையில், மந்தை இழந்த மக்களை மீனவராக்கும் நோக்கத்தோடு நார்வே நாட்டு உதவியால் கலோகோல் என்னும் ஊரில் எழுப்பப்பட்ட மீன் பதனிடும் ஆலை, மின்சாரத்துக்கும் நல்ல நீருக்கும் ஆன செலவைத் தாங்கமாட்டாமல் விரைவிலேயே முடங்கிற்று. மீன் மிகுந்திருந்த ஃபெர்குசன் வளைகுடாவும் 1980களின் நடுவில் வற்றிப்போயிற்று. ஏரி நிறைந்திருந்த ஆண்டுகளைக் கண்டு வகுத்த திட்டம் அது.

ஆதலால், இத்தகைய திட்டங்களை மதிப்பிடப் புகுவோர், திட்டம் நடந்த இடத்தோடு அதே மழை பெய்த அண்டை நிலத்தையும் ஒப்பிடுக. பச்சையை அன்றிப் புல்லின் இனத்தை எண்ணுக. விற்ற இறைச்சியின் எடையோடு குழந்தைகள் குடித்த பாலையும் கணக்கில் சேர்த்துக்கொள்க. திட்டத்தால் நடமாடும் வழி திறந்ததா, அடைந்ததா என்று மேய்ப்பவரிடமே கேட்டறிக. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வறட்சியாவது கடந்துசெல்லும்வரை இறுதி அறிக்கையில் வெற்றி என்று எழுதாதிருத்தல் வேண்டும்.