நீட் வேண்டாம் என்றவர் பதிவெண் வாங்கித் தருவாரா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், அரியலூர் பக்கத்து ரெட்டிபாளையத்தில் என்னிடம் பல் காட்ட வருகிறவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே கேள்வியைத் திறந்துவிடுகிறார்கள். "டாக்டர், ஜார்ஜியாவுல டென்டல் படிக்க நீட் வேண்டாமாமே?" ஒருவர் பிலிப்பைன்ஸ் என்பார், இன்னொருவர் ரஷ்யா என்பார். நாடுதான் மாறுகிறது, வாசகம் மாறுவதில்லை. நீட் தேவையில்லை, நாலே வருஷம், முடித்துவிட்டு வந்து அரியலூரில் போர்டு மாட்டிவிடலாம்.

மூன்றும் தப்பு. அதில் முதலாவதுதான் குடும்பத்தையே சாய்க்கிற தப்பு. காரணம், அதற்குள் ஒரு துளி உண்மை ஒளிந்திருக்கிறது. அந்த ஊர்ப் பல்கலைக்கழகங்கள் பலவும் சேர்க்கையின்போது நீட் மதிப்பெண்ணைக் கேட்பதில்லைதான். அவர்கள் ஏன் கேட்க வேண்டும்? அது நம் நாட்டுத் தேர்வு. பிளஸ் டூ மதிப்பெண்ணும் கட்டணமும் சரியாக இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். ஏஜென்ட் இந்த இடத்தோடு பேச்சை நிறுத்திவிடுகிறார்.

படிக்க இடம் கொடுப்பது அந்த நாட்டுப் பல்கலைக்கழகம். படித்து முடித்தவர் இங்கே ஒரு நோயாளியின் பல்லைத் தொடலாமா என்று சொல்வது நம் நாட்டுச் சட்டம். பல் மருத்துவர்கள் சட்டம் 1948ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அதன்படி மாநிலக் கவுன்சிலில் பதிவு இல்லாமல் பல் வைத்தியம் பார்ப்பது குற்றம். வெளிநாட்டுப் பட்டத்தோடு வரும் இந்தியர் அந்தப் பதிவைப் பெற, தேசியத் தேர்வு வாரியம் நடத்தும் வெளிநாட்டுப் பல் மருத்துவப் பட்டதாரிகளுக்கான ஸ்கிரீனிங் தேர்வில் பாதி மதிப்பெண்ணாவது எடுத்துத் தேற வேண்டும். 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டமோ, இங்கே படித்தவர், அங்கே படித்தவர் எல்லோருக்கும் பொதுவான எக்ஸிட் தேர்வு ஒன்றையே விதித்திருக்கிறது. நீட் விஷயத்திலும் மர்மம் எதுவும் இல்லை. வெளிநாட்டில் எம்பிபிஎஸ், பிடிஎஸ் படிக்கப் போகும் இந்தியர் நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்று அந்தத் தேர்வின் தகவல் கையேட்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள். அதைப் புரட்டிப் பார்க்காமல் நிலத்தை அடமானம் வைக்கக் கிளம்புகிறோம். சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து வந்த பணத்தை இப்படி ஒரு பேச்சை நம்பிக் கொண்டுபோய்க் கொட்டுவதை என்னால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

பெற்றோர் சொல்லும் இன்னொன்று: "பையன் நீட்டுல ஃபெயில் டாக்டர்." மதிப்பெண் அட்டையை வாங்கிப் பார்த்தால் பல நேரம் பிள்ளை ஃபெயிலே இல்லை. தகுதி பெறுவது வேறு, அரசு சீட் கிடைப்பது வேறு. தகுதிக்கு, பொதுப் பிரிவினர் 50ஆவது பெர்சன்டைலைத் தொட்டால் போதும், பிற்படுத்தப்பட்டோரும் பட்டியலினத்தவரும் 40ஆவதைத் தொட்டால் போதும். அரசு எம்பிபிஎஸ் சீட்டுக்கான கட் ஆஃப் அதைவிட எவ்வளவோ மேலே நிற்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, தகுதி பெற்ற பிள்ளையைத் தோற்றவன் என்று ஊருக்கெல்லாம் சொல்லி, நீட்டே வேண்டாம் என்பவரிடம் கையைப் பிடித்துக் கொடுக்கிறார்கள். இது அந்தப் பிள்ளைக்குச் செய்கிற அநியாயம்.

இங்கே இடமே இல்லை என்பதும் சரியல்ல. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அந்த ஆண்டு பிடிஎஸ் சேர்க்கைக்கான தகுதியை 10 பெர்சன்டைல் குறைக்கச் சொன்னது. நாடு முழுக்க ஏறக்குறைய 7,000 பிடிஎஸ் இடங்கள் காலியாகக் கிடந்ததுதான் காரணம். தமிழ்நாட்டில் 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ, பல் மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேருகிற பிள்ளைக்குத் தனியார் கல்லூரியானாலும் கட்டணத்தை அரசே கட்டுகிறது. புதுக்கோட்டையில் 2023 நவம்பரில் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையை வைத்துக்கொண்டு பிலிப்பைன்ஸுக்கு வழி கேட்கிறவர்களிடம் நான் கோபப்படத்தான் செய்கிறேன்.

நாலு வருஷக் கதைக்கு வருவோம். ஜார்ஜியாவில் பல் மருத்துவம் ஐந்து வருடம், பிலிப்பைன்ஸில் ஆறு. இங்கே பிடிஎஸ் பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்து. மிச்சமாவது எந்த வருடம்?

ஆங்கிலத்தில் பாடம் நடத்துவார்கள், மொழிப் பிரச்சினை இல்லை என்பதையும் நம்பாதீர்கள். வகுப்பறையில் ஆங்கிலம் சரி. நாற்காலியில் வந்து உட்காருகிற பாட்டிக்கு ஜார்ஜிய மொழிதான் தெரியும். பல் மருத்துவம் கையால் படிக்கிற படிப்பு. முதலில் பொம்மைத் தலையில் செயற்கைப் பல்லைக் குடைந்து பழகுவோம். அதற்குப் பிறகு உயிருள்ள மனிதரின் வாய்தான் பாடப் புத்தகம். ஒரு முழுப் பல்செட் கட்ட அளவு எடுக்க வேண்டும், கடி பார்க்க வேண்டும், மெழுகில் வைத்துப் பார்க்க வேண்டும், கொடுத்த பிறகும் எந்த இடத்தில் உறுத்துகிறது என்று கேட்டுக் கேட்டுத் தேய்க்க வேண்டும். அதே நோயாளி நாலைந்து தடவை வந்தாக வேண்டும். "இடது பக்கம், மெல்லும்போது மட்டும் சுருக்குனு குத்துது" என்பது புரியாத மாணவர் எதைத் தேய்ப்பார்? உள்ளூர் மொழி பேசத் தெரியாதவருக்கு நோயாளிகள் குறைவாகவே வருவார்கள். நோயாளி குறைந்தால் கை பழகாது. கல்லூரியைத் தேடும்போது கட்டடத்தின் படத்தைப் பார்க்காதீர்கள். மூன்றாம் வருட மாணவர் ஒருவரைப் போனில் பிடித்து, இதுவரை எத்தனை பல் எடுத்தாய், எத்தனை வேர் சிகிச்சை செய்தாய் என்று கேளுங்கள்.

மற்ற கதைகளுக்கு இவ்வளவு நேரம் வேண்டாம். பிளஸ் டூ முடித்ததும் நேராக அமெரிக்காவில் டென்டல் என்பது பொதுவாக நடக்காது. அங்கே கல்லூரிப் படிப்புக்குப் பிறகுதான் நாலு வருடப் பல் மருத்துவம். இங்கே பிடிஎஸ் முடித்தவர் போய் உடனே வேலை பார்க்கலாம் என்பதும் இல்லை. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் தேசியத் தேர்வு எழுதி, இரண்டு மூன்று வருடம் மறுபடி கல்லூரியில் படிக்க வேண்டும். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு இரண்டும் உண்டு. நம் பக்கத்தில் லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் மாதிரி ஊர்களிலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்கள் நிறைய. அங்கேயும் சான்றிதழ் சரிபார்ப்பு, உரிமத் தேர்வு, வேலை அனுபவம் எல்லாம் கேட்பார்கள். சவூதியில் பல் மருத்துவ வேலைகளில் உள்நாட்டவரின் பங்கைப் படிப்படியாக உயர்த்திக்கொண்டே வருகிறார்கள். பல் மருத்துவம் எம்பிபிஎஸ் கிடைக்காதவருக்கான சுலபப் படிப்பு என்று யாராவது சொன்னால், அவர் கடைவாய்ப் பல்லின் வளைந்த வேருக்குள் ஊசி நுழைத்துப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

வெளிநாட்டில் படிப்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்தியப் பல் மருத்துவக் கல்விக்கு அடித்தளம் போட்ட டாக்டர் ரஃபியுதீன் அகமது அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் படித்து 1915இல் பட்டம் வாங்கியவர். திரும்பி வந்து 1920இல் கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அவர் போன காலத்தில் இங்கே ஒரு கல்லூரிகூடக் கிடையாது. இன்று 300க்கு மேல் இருக்கிறது. நீட்டில் தகுதி பெற்று, திரும்பி வந்து எழுத வேண்டிய தேர்வைத் தெரிந்துகொண்டு, கடனைக் கட்டும் வழியையும் கணக்குப் போட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்கு என் வாழ்த்து உண்டு.

ஊருக்கே திரும்பி வாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். இங்கே வேலை குவிந்து கிடக்கிறது. சிமென்ட் லாரி ஓட்டும் தம்பிகளிடம் மூன்று விரலை அடுக்கி வாய்க்குள் விடச் சொல்கிறேன். பாக்குப் போட்டுப் போட்டு இறுகிய வாயில் இரண்டுதான் நுழைகிறது. கீழ் உதட்டை இழுத்துப் பார்த்தால், புகையிலைப் பொட்டலம் ஒதுக்குகிற பள்ளத்தில் தோல் வெளுத்துத் தடித்திருக்கிறது. குட்கா, பான் மசாலாவுக்கு 2013இல் தடை வந்தது, வாய்க்குள் போவது நிற்கவில்லை. இதையெல்லாம் முதலில் பார்க்க வேண்டியது ஆரம்ப சுகாதார நிலையம். எல்லா நிலையத்திலும் பல் நாற்காலியும் இல்லை, பல் மருத்துவரும் இல்லை. அந்தப் பணியிடங்களை உருவாக்கச் சொல்லி மே 1 கிராம சபையில் ஒவ்வொரு ஊராட்சியும் தீர்மானம் போடட்டும். வாசகம் எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் என் கிளினிக்குக்கு வாருங்கள், உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.