பனியாற்றின் வரவு செலவு

"பனியாறு பின்வாங்குது"ன்னு அறிவியல் சார் சொன்னப்ப, அது மலைமேல திரும்பி ஏறுதுன்னே நினைச்சேன். அப்புறம்தான் புரிஞ்சுது!

வட துருவத்துக்கு அருகே, நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் 'ஆஸ்ட்ரே புரோகர்பிரேன்' என்னும் சிறிய மலைப் பனியாறு உள்ளது. 1967 முதல் அதில் கம்பு நட்டு அளந்து வருகிறார்கள். பனி உருக உருகக் கம்பு வெளியே தெரியும். குளிர்காலத்தில் பெய்யும் பனி வரவு. கோடையில் உருகுவது செலவு. ஏறக்குறைய எல்லா ஆண்டும் செலவே அதிகம்!

பனிக்கட்டி எப்போதும் கீழ்நோக்கியே நகர்கிறது. ஆனால் அது வந்து சேர்வதைவிட வேகமாக நுனி உருகுகிறது. அதுதான் 'பின்வாங்குதல்'. சிறிய, தாழ்வான பனியாறு என்பதால், வெப்பமான கோடையில் உச்சிவரை உருகுகிறது. மேலே சேமிப்பே இல்லை.

சேமிப்பில்லாத வீட்டில் செலவு மட்டும் கூடினால் என்னாகும்? யோசிங்க நண்பர்களே!