ஐந்தரைக்குக் கிளம்பிவிடு

அன்பு மகனுக்கு,

குளச்சலில் வீடு கிடைத்துக் குடிவந்துவிட்டீர்கள் என்று மருமகள் போனில் சொன்னாள். ரொம்பச் சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகளைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போய் அஸ்தமனம் காட்டப் போகிறாயாமே. எதற்கு மக்கா அந்த அலைச்சல்? தமிழ்நாட்டுக் கரை பெரும்பாலும் கிழக்கே பார்த்தது. சென்னையிலும் நாகையிலும் சூரியன் கடலில் உதித்து ஊருக்குப் பின்னால் மறையும். கடலில் விழுவதைத் தினமும் பார்க்கிற பாக்கியம் கன்னியாகுமரி தாண்டி நீரோடி வரைக்குமான இந்தச் சின்னக் கரைக்குத்தான் வாய்த்திருக்கிறது. அது உன் வாசலிலேயே இருக்கிறது.

வாரநாளில் போ. நாலு பேரும் நடந்தே போங்கள். இங்கே ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் நடுவில் சூரியன் மறைந்துவிடும். விளிம்பு கடலைத் தொட்டால் முழுதும் முங்க இரண்டு நிமிடம் சொச்சம்தான். பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் சாய்ந்து இறங்காமல் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக விழும். விழுந்ததும் கூட்டம் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடும். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். மேகங்களின் அடிப்பக்கம் சிவந்து வருவது அதற்குப் பிறகுதான். நம் வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நடந்ததை வாய் திறந்து சொன்னதும் அந்தக் கால் மணி நேரத்தில்தான்.

பெரியவனை எப்போதும் ஒரே இடத்தில் நிற்கச் சொல். மார்கழியில் சூரியன் இடக்கைப் பக்கம் ஒதுங்கி விழும். பங்குனியில் நேர் மேற்கு. ஆனிக்குள் வலக்கைப் பக்கம் நகர்ந்துவிடும். எந்தப் பாறைக்கு நேராக விழுந்தது என்று அவனே குறித்து வரட்டும். பூமியின் சாய்வைப் பாடப்புத்தகத்துக்கு முன்னால் கண்ணால் படித்துவிடுவான்.

திரும்பும்போது நெத்திலி கிடைத்தால் வாங்கி வா. மருமகளிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாயாதே. நீயும் உட்கார்ந்து ஆய்ந்து கொடு. கத்தி வேண்டாம். கட்டைவிரல் நகத்தால் தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். சின்னவளுக்கும் பழக்கு. கை முழுக்க மீனாக இருக்கும்போது யாரும் போனைத் தொட மாட்டார்கள். பேச்சு தானாக வரும். மரச்சீனிக் கிழங்கு வேகிற நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், மீன் குறையும், மழைமேகத்தில் சூரியனும் தெரியாது. அப்போதும் போங்கள். சூரியனுக்காக மட்டும் போகிற வீடு ஆடியில் போவதை நிறுத்திவிடும், பிறகு தையிலும் போகாது.

பாறைகளில் மட்டும் பிள்ளைகளை ஏற விடாதே. இங்கே கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. தெற்கே வெகு தூரத்தில், நடுச்சமுத்திரத்தில் அடித்த காற்றின் அலை இங்கே காற்றே இல்லாத நாளிலும் கரையேறும். 2024 மே மாதம் இதே கரையில் உள்ள லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கடல் கொண்டுபோனது. எச்சரிக்கை அறிவித்த நாளில் தெருவோடு நின்றுகொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் ஐந்தரைக்குக் கிளம்பியாக வேண்டும் என்று மேலதிகாரியிடம் இந்த வாரமே பேசிவிடு. புது ஆபீசில் முதல் மாதம் எத்தனை மணிக்குக் கிளம்புகிறாயோ, அதையே உன் நேரமாக வைத்துவிடுவார்கள். ஏழு மணி வரை உட்கார்ந்து பழக்கிவிட்டால் பிறகு ஐந்தரைக்கு எழுந்தாலே குற்றம்.

அன்புடன்,
பெரியம்மா