மோரிப் கடற்கரைக்குச் செல்வோர்க்கு

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்தோ கிள்ளானிலிருந்தோ ஒரே பகலில் போய்த் திரும்பத்தக்க கடற்கரை எதுவென்று கேட்பவர்களுக்கு மோரிப்பைச் சிபாரிசு செய்யுமுன், லங்காவியின் வெண்மணலும் நீலநீரும் அங்கே கிடையா என்பதைச் சொல்லிவிடுவது நியாயம். மலாக்கா நீரிணையின் சேற்றுக்கரை அது. எனினும், போகிற வழியிலேயே சிலாங்கூர் சுல்தான்களின் பழைய ராஜஸ்தலம் ஒன்று இருப்பதால், சரித்திரத்தில் பிரியமுள்ளவர்களுக்கு இதைவிட உகந்த பிரயாணம் இப்பிரதேசத்தில் இல்லையென்பது என் அபிப்பிராயம்.

முதற்காரியம், நாள் பார்ப்பது. போர்ட் கிள்ளானுக்குரிய கடல் ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்து, பிற்பகலில் நீர் ஏறியிருக்கும் நாளைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஏற்றம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 நிமிஷம் பிந்துவதால், இந்தச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கரையைத் தொட்டு நிற்கும் கடல், அடுத்த சனிக்கிழமை அதே வேளையில் வற்றிப்போய், பார்க்குமிடமெல்லாம் சேறாகக் கிடக்கும். அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம்.

காலையிலேயே கிள்ளானிலிருந்து ஐந்தாம் எண் சாலையைப் பிடித்துத் தெற்கே சென்றால் தெலுக் பங்லிமா காராங், ஜெஞ்சாரோம், பந்திங் என்று ஊர்கள் வரிசையாக வரும். சொந்த வாகனமே சௌகரியம். ஜெஞ்சாரோமில் பசியாறிக்கொள்ளலாம், ஆனால் சீனப் பெருநாள் நாட்களில் மாலை திரும்புகிறவர்கள், தோங் சென் ஆலயத்தின் விளக்கு அலங்காரத்தைக் காண வரும் கூட்டத்தில் அகப்பட்டுக்கொள்வார்கள். அதற்கென்றே போவதானால் சந்தோஷந்தான்.

பந்திங்கைத் தாண்டியபின் நேரே கடலுக்கு விரையாமல், முன்சொன்ன ராஜஸ்தலமான ஜுக்ராவுக்குப் பிரிந்து செல்லுங்கள். கோலாலம்பூரில் மணிக்கூண்டோடு நிற்கும் மாளிகைக்குப் பெயர் தந்த சுல்தான் அப்துல் சமாட், 1898-இல் காலமாகி, இங்குள்ள குன்றில்தான் அடக்கமாகியிருக்கிறார். அவருக்குப்பின் பட்டத்துக்கு வந்த சுல்தான் அலாவுதீன் சுலைமான் ஷா கட்டிய இஸ்தானா பண்டார் அரண்மனை 1905-இல் எழும்பியது. உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ, வெளியே நின்று பார்த்தாலே அதன் கம்பீரம் விளங்கும். அருகிலுள்ள மஞ்சள் நிறப் பள்ளிவாசலுக்குள் போக விரும்புவோர், வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிர்த்து, கைகால் மறையும் உடையணிந்து, அங்கிருப்பவரிடம் அனுமதி கேட்டுக்கொள்வதே மரியாதை. பின்பு குன்றின்மேல் கலங்கரை விளக்கம்வரை ஏறினால், லங்காட் ஆறு வளைந்து வளைந்து, செம்பனைத் தோட்டங்களினூடே கடலை நோக்கிப் போவதைக் காணலாம். வெயில் ஏறுமுன் இதை முடித்துவிடுவது உத்தமம்.

பகலுணவுக்குப் பின் மோரிப். கரையிலுள்ள ஞாபகச் சின்னத்தருகே சற்று நில்லுங்கள். ஜப்பானியர் சரணடைந்து வாரங்கள் சென்றபின், 1945 செப்டம்பர் 9-ஆம் நாள், முன்னமே வகுத்திருந்த 'ஸிப்பர்' திட்டப்படி பிரிட்டிஷாரின் இந்தியப் படைப்பிரிவுகள் இக்கரையில் இறங்கியபோது, வாகனங்கள் பல சேற்றில் புதைந்து நகரமாட்டாமல் நின்றன. எதிரே ஒரு துப்பாக்கி வெடித்திருந்தால் என்னவாகியிருக்குமோ! கடல் வற்றியிருக்கும் வேளையில் அந்தச் சேற்றில் கால் வைத்துப் பார்ப்பவருக்கு இச்சரித்திரம் முழங்கால்வரை விளங்கிவிடும். பிள்ளைகளைத் தொலைவுக்குப் போகவிட வேண்டாம். திரும்பி ஏறும் நீர் நினைத்ததைவிட வேகமாக வரும். கால் கழுவ வீட்டிலிருந்தே ஒரு வாளி நீரும், மாற்றுடையும், பழைய செருப்பும் கொண்டுசெல்வது நல்லது.

கேரித் தீவையும் அன்றைக்கே பார்த்துவிடலாமென்று ஆசைப்படாதீர்கள். அங்குள்ள மா மெரி பூர்வகுடி மக்களின் மரச்சிற்பங்களை அவசரமின்றிப் பார்க்க அதற்கென்றே வேறொரு நாளை வைத்துக்கொண்டு, பொழுது சாயுமுன் பந்திங் வழியே திரும்பிவிடுங்கள். இருட்டியபின் ஐந்தாம் எண் சாலையில் லாரிகளுக்கிடையே வாகனம் ஓட்டுவது எல்லோருக்கும் ஒத்துவராது.