மாலையானால் தடுமாறும் வைஃபை

கேள்வி: அடுக்குமாடி வீடு. வைஃபை விட்டுவிட்டு வருகிறது, மாலையில் இன்னும் மோசம். புது ரூட்டர் வாங்கிவிடலாமா?

பதில்: அவசரம் வேண்டாம். முதலில் கோளாறு லைனிலா, வைஃபையிலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தொல்லை தரும் அதே மாலை நேரத்தில் லேப்டாப்பை லேன் கேபிள் வழியாக ரூட்டரில் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். கேபிளிலும் அறுந்து அறுந்து வந்தால் புது ரூட்டர் பெரும்பாலும் வீண் செலவு. ஃபைபர் பெட்டியில் ‘எல்ஓஎஸ்’ விளக்கு சிவப்பாக எரிகிறதா? ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். பீரோ இடுக்கில் மடங்கி நசுங்கிய மெல்லிய ஃபைபர் வயரே அதற்குப் போதும்.

கேபிளில் சீராக வந்தால் சிக்கல் காற்றில் இருக்கிறது.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். வேலை முடிந்து எல்லோரும் வீடு திரும்பும் நேரத்தில் அக்கம்பக்கத்து ரூட்டர்கள் அத்தனையும் அந்த மூன்றுக்குள் முண்டியடிக்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலைவரிசையில்தான் இயங்குகிறது. இம்மூன்றில் நெரிசல் குறைந்ததை ரூட்டர் அமைப்பில் தேர்ந்தெடுக்கலாம். பக்கத்து அறைவரை போதும் என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் நல்லது. சேனல்கள் அதிகம், ஆனால் கான்கிரீட் சுவரில் சீக்கிரம் துவண்டுவிடும்.

டிவிக்குப் பின்னால் ஒளித்து வைத்த ரூட்டரை வீட்டின் நடுவே, உயரமாக வைத்துப் பார்ப்பது செலவில்லாத வைத்தியம். அதன் பிறகும் கடைசி அறைக்கு எட்டாவிட்டால், ரிப்பீட்டரைவிடக் கேபிள் இழுத்து இன்னொரு அக்சஸ் பாயின்ட் வைப்பதே உறுதியான வழி.