பூனைக்குப் பழிவாங்கத் தெரியாதுடி!

"நான் ஆபீஸ் போறேன்னு கோவிச்சுக்கிட்டு மெத்தையிலேயே ஒண்ணுக்குப் போயிருக்குக்கா"ன்னு நேத்து போன்ல புலம்பினியே, அது கோவமும் இல்ல, பழிவாங்கலும் இல்ல. மணல் தட்டை எங்க வெச்சிருக்கே? சோத்துக் கிண்ணத்துக்குப் பக்கத்துலதானே? சாப்பிடற இடத்துல போறது பூனைக்குப் பிடிக்காது. தட்டைத் தள்ளி வை. தினம் ரெண்டு வேளை அள்ளிப் போடு. மணல்ல வாசனைப் பவுடர் தூவாதே, நமக்கு மணக்கிறது அதோட மூக்குக்கு நெடி. முடிஞ்சா இன்னொரு மூலையில ரெண்டாவது தட்டும் வை. ஆறு மாசம் ஆயிருச்சுன்னா கருத்தடை பண்ணிரு, சுவர்ல பீய்ச்சுறதும் பெரும்பாலும் நின்னுரும்.

மெத்தையைச் சோப்புப் போட்டு அலசு. தரைக்குப் பினாயில் வேண்டாம். காலில ஒட்டினதைப் பூனை நக்கியே முழுங்கும். நம்ம கல்லீரல் சுலபமாக் கழிச்சுத் தள்ளற சில பொருளை அதோட கல்லீரலால தள்ள முடியாது. பாராசிட்டமாலும் அதே கதைதான். உடம்பு சுடுதேன்னு நுணுக்கிக் குடுத்துராதே, ஒரே மாத்திரை உயிரை எடுத்துரும்.

உன்னோடது கடுவன் வேற. தட்டுல திரும்பத் திரும்பப் போய் உக்காந்து முக்குது, கத்துது, ஒரு சொட்டும் வரலைன்னா, மலச்சிக்கல்னு நினைச்சு விளக்கெண்ணெய் தேடாதே. மூத்திரக் குழாய் அடைச்சிருக்கும். கடுவனுக்கு அந்தக் குழாய் ரொம்பக் குறுகல். ஓரிரு நாள்லயே உயிருக்கு ஆபத்து. நடுராத்திரி ஆனாலும் ஆட்டோ பிடிச்சு டாக்டர்கிட்ட ஓடு. நம்ம கறுப்பன் போனது அப்படித்தான். விடியட்டும்னு நான்தான் சொன்னேன்.

சாப்பாட்டுக்கு வர்றேன். பால் ஊத்தாதே. வளந்த பூனை நிறையப் பேருக்குப் பால் செரிக்காது, வயித்தால போகும். தண்ணி போதும், அதையும் சோத்துக் கிண்ணத்துலேர்ந்து தள்ளி வை. தயிர்சாதம் சாப்பிடுதுன்னு பெருமைப்படாதே. பூனை மாமிசம் தின்னே ஆகணும். டாரின்னு ஒரு சத்து கறி மீன்லதான் இருக்கு, பூனை உடம்பால அதைப் போதுமான அளவு தானாத் தயாரிச்சுக்க முடியாது. அது குறைஞ்சா கண்பார்வை போகும், இதயம் கெடும். பக்கத்து வீட்டு நாய்த்தீனி மிச்சம் இருக்குன்னு போட்டாலும் பத்தாது. பூனைத்தீனிதான் பிரதானமா இருக்கட்டும். ஆசைக்குக் கோழியோ மத்தியோ வேகவெச்சா, உப்பு வெங்காயம் பூண்டு இல்லாம, முள்ளு எடுத்து, வெந்த தண்ணியோடயே குடு. அந்தச் சத்து தண்ணியில கரைஞ்சு இறங்கிரும்.

விடியக்காலை நாலு மணி கச்சேரிக்கும் மருந்து இருக்கு. ஒரு நாளைக்குப் பன்னெண்டுலேர்ந்து பதினாறு மணி நேரம் தூங்குற ஜென்மம் அது, ஆனா விடியலும் அந்தியும் அதோட வேட்டை நேரம். நீ படுக்கப் போறதுக்கு முன்னாடி கயித்து நுனியில இறகு கட்டி ஓட விடு. கடைசியில பிடிக்கவும் விடு, பிடிபடலைன்னா அதுக்கு ஆத்தாமையா இருக்கும். உடனே சோறு போடு. தின்னுட்டு, உடம்பை நக்கிட்டுத் தூங்கிரும். அப்படியும் நாலு மணிக்குக் கத்தினா எழுந்திருக்காதே. இன்னிக்கு எழுந்தா நாளைக்கு மூணே முக்காலுக்கு எழுப்பும்.

சோபாவைப் பிராண்டுதா? பலகையில தேங்காய்நார்க் கயிறு சுத்தி, அது பின்னங்காலில நிமிர்ந்து நீட்டுற உயரத்துக்கு, ஆடாம அந்தச் சோபா பக்கத்துலயே நிறுத்து. அவ்வளவுதான்.

மல்லாந்து வயித்தைக் காட்டினா "தடவு"ன்னு அர்த்தம் இல்ல. கை வெச்சா பிடுங்கிரும். கடிச்சாலோ பிராண்டினாலோ மஞ்சள் அப்பாதே. குழாயடியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு, அன்னிக்கே ஜி.எச். போய் ஊசி போட்டுக்கோ.

பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகமே இருட்டுன்னு நினைச்சுக்குமாம்னு கிண்டல் பண்ணுவோம். உன்னைப் பாத்து மெதுவா மூடித் திறந்தா, உன்கிட்ட அதுக்குப் பயம் இல்லைன்னு அர்த்தம். நீயும் பதிலுக்கு அப்படியே மூடித் திற. மாப்பிள்ளை வந்தாலே கட்டிலுக்கு அடியில பூந்துருதுன்னியே, அவர் அதைக் குனிஞ்சு உத்து உத்துப் பாக்குறாரு, அதான். மொதல்ல அவருக்குக் கண் சிமிட்டச் சொல்லிக் குடு.